தொலைக்காட்சி ஆய்வாளரின் பெயரைச் சொல்லி வருபவரை நம்பலாமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் பங்குச் சந்தை பற்றிப் பேசிவரும் ஆய்வாளர் ஒருவரின் கருத்துகளைத் தவறாமல் கேட்பவர். இப்போது காரைக்குடிக்காரர் ஒருவர், தாம் அந்த ஆய்வாளரின் ஆள் என்று சொல்லி, வங்கி வைப்புத்தொகையைப் பங்கு வர்த்தகக் கணக்குக்கு மாற்றிக் கடவுச்சொல்லைத் தம்மிடம் கொடுத்தால், லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் எடுத்துக்கொள்வதாகக் கூறுகிறாராம்.

கொடுக்காதீர்கள், ஆச்சி. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இந்தப் பங்கை வாங்குங்கள், அதை விற்றுவிடுங்கள் என்று கட்டணம் பெற்றுப் பரிந்துரைப்பவர், ஆய்வாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் 'ஐஎன்எச்' என்ற எழுத்துகளில் தொடங்கும். செபியின் இணையதளத்தில் அந்த எண்ணையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பதிவு பெற்றவர்கூட ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்க முடியாது. அதையும் ரொக்கமாக வாங்கக் கூடாது. லாபத்தில் பங்கு கேட்பவரும், கடவுச்சொல் கேட்பவரும் எந்தப் பெரிய மனிதரின் பெயரைச் சொன்னாலும் வாசலோடு அனுப்பப்பட வேண்டியவர்களே. நஷ்டம் வந்தால் அவர் கையிலிருந்து ஒரு காசும் போகாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த ஆய்வாளர் பதிவு பெற்றவர்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஒரு விலக்கைப் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும். சென்செக்ஸ் ஏறுமா, வட்டி விகிதம் குறைந்தால் சந்தை எப்படிப் போகும் என்று பொதுவாகப் பேசுவதை விதிமுறை ஆய்வறிக்கையாகக் கருதுவதில்லை. ஆகவே பதிவில்லாமல் அப்படிப் பேசுவது குற்றமன்று. ஆனால் அதே வாய் ஒரு நிறுவனத்தின் பெயரையும், வாங்க வேண்டிய விலையையும், இலக்கு விலையையும் சொல்லத் தொடங்கினால் அது பரிந்துரையாகிவிடுகிறது. முதல் அரை மணி நேரம் பொதுவாகப் பேசிவிட்டுக் கடைசி நிமிடத்தில் ஒரு பங்கின் பெயரைச் சொன்னாலும் பரிந்துரை பரிந்துரைதான். தாம் பரிந்துரைக்கும் பங்கு தம்மிடம் இருக்கிறதா என்பதையும் அவர் வெளிப்படுத்த வேண்டும். அந்த அறிவிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், படித்து முடிக்குமுன் திரையிலிருந்து ஓடிவிடுகிறது. தமிழில் நிகழ்ச்சி நடத்துபவர்களை எச்சரிக்கையையும் தமிழில் போடச் சொல்ல இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்குத் தாளவில்லை.

இன்னொன்று. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், லட்சக்கணக்கானோருக்குப் பொதுவாகப் பேசுகிறாரே தவிர, உங்கள் வீட்டு ஐந்தொகையைப் பார்த்துப் பேசவில்லை. மாத வட்டியில் வாழும் உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்க வேண்டுமானால், 'ஐஎன்ஏ' என்று தொடங்கும் எண்ணுடைய முதலீட்டு ஆலோசகரை நாடுங்கள். ஒரு பங்கைப் பின்னொரு நாளில் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையைக் கைமாற்றும் ஆப்ஷன் வணிகத்தை யார் சொன்னாலும் தொடாதீர்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்கு முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்ததாகச் செபியின் ஆய்வே சொல்கிறது.

பணம் போனபின் புகார் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். மோசடிக்காரருக்குச் செபி விதிக்கும் அபராதம் இழந்தவர் கைக்கு வருவதில்லை, இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. கடவுச்சொல் ஏற்கெனவே கைமாறியிருந்தால் இன்றே அதை மாற்றி, தரகு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பணமும் நகர்ந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.