ஐந்து பாட்டில் பால்

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. முகம் வெளுத்து, எப்போதும் சோர்ந்தே இருக்கிறாள். ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. இரும்புச்சத்துக் குறைவு என்றார் டாக்டர். அவர் கொடுத்த சொட்டு மருந்தால் மலம் கறுப்பாகப் போனது, பயந்து பத்து நாளில் நிறுத்திவிட்டோம். சாப்பாடு என்றாலே வாயை மூடிக்கொள்கிறாள். என் மனைவிக்கு ஊட்டவும் தெரியவில்லை, பொறுமையும் இல்லை. நல்லவேளை, பாலாவது ஐந்து பாட்டில் குடித்துவிடுகிறாள். பசியைத் தூண்ட ஒரு டானிக் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, டானிக் எதுவும் சொல்லப் போவதில்லை. 'நல்லவேளை' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறே அங்கேதான் இருக்கிறது.

பாட்டிலுக்கு 240 மில்லி என்றாலும் ஐந்து பாட்டில் ஒரு லிட்டரைத் தாண்டும். இந்த வயதில் நாளுக்கு 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் 1 மில்லிகிராம்கூடக் கிடையாது. போதாததற்கு, பாலில் உள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருக்கும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். அளவுக்கு மீறிய பாலால் சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிவதும் உண்டு. வயிறு முட்டப் பால் குடித்த பிள்ளை சாப்பாட்டைக் கண்டால் வாயை மூடாமல் என்ன செய்யும்? அவளுக்குப் பசிக்க நீங்கள் விடவே இல்லை.

மனைவிக்குப் பொறுமை இல்லை என்கிறீர்கள். சரி, நீங்கள் எத்தனை வேளை ஊட்டினீர்கள்? கடிதத்தில் ஒரு வேளையைக்கூடக் காணோம். பாட்டிலைக் கொடுத்தால் வீடு உடனே அமைதியாகிவிடும். சாப்பிட வைக்க அரை மணி நேரம் கூடவே உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரம் தாய்க்கு மட்டும் எழுதி வைத்ததல்ல. பெற்றவர் இருவரும் உட்கார வேண்டும். குறை சொல்வதற்கு ஒரு தகப்பன் எதற்கு?

பாலை நாளுக்கு 400 மில்லிக்குள் நிறுத்துங்கள். டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். பாட்டில் இனி வீட்டில் இருக்கக் கூடாது. நீங்கள் சாப்பிடும்போது அவளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன் கொடுப்பீர்களானால் அதிலுள்ள இரும்பு எளிதில் சேரும். பருப்பு, பயறு, கீரை என்றால், வைட்டமின் சி உள்ள பழம் ஏதாவது கூடவே இருக்கட்டும்.

அப்புறம் அந்த மருந்து. இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் மலம் கறுக்கத்தான் செய்யும். தார் போலப் பிசுபிசுத்து, கடுமையான நாற்றத்தோடு போனால்தான் பயப்பட வேண்டும். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமல் நிறுத்தியதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூளை வேகமாக வளரும் வயது இது. இரும்பு குறைந்தால் கற்கும் திறனே பாதிக்கப்படும்.

மறுபடி டாக்டரிடம் போங்கள். மருந்தை நிறுத்தியதையும் பால் கணக்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். எடையைப் பார்த்துத்தான் அளவு தருவார்கள். மருந்தைப் பாலோடு கொடுக்காதீர்கள். ஹீமோகுளோபின் எண் சரியான பிறகும், உடம்பில் இரும்பு இருப்பாகச் சேர இரண்டு மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். அதுவரை நிறுத்தாதீர்கள். மருந்துப் புட்டியை அவள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

முதல் சில இரவுகள் பாட்டில் கேட்டு அழுவாள். மனைவியை எழுப்பாமல் நீங்கள் தூக்கிக்கொண்டு நடங்கள்.