புளிக் கணக்கும் கோடை விடுமுறையும்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் அருகே ஒரு கிராமத்தில், வயது வந்தோருக்கான எழுத்தறிவு மையத்தில் தன்னார்வலராகக் கற்பிக்கிறேன். கோடை விடுமுறைக்குப் பள்ளியைப் பூட்டியதும் மையமும் நின்றுவிடுகிறது. ஜூனில் திரும்பி வரும் பெண்களுக்குக் கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் மறந்துபோகிறது. அவர்களுடைய பிள்ளைகளும் வாசிப்பில் தடுமாறுகிறார்கள். கோடை வகுப்பு வைத்துப் பார்த்தேன், யாரும் வரவில்லை. வேறு வழி உண்டா?

ஒரு தன்னார்வலர்

அன்புள்ள தன்னார்வலருக்கு,

வராதவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. புளி தட்டுவதும் மாங்காய் பறிப்பும் கோயில் திருவிழாவும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் மாதங்கள் அவை. சொல்லைப் பார்த்ததும் வாசிக்கும் வேகம் வருவதற்கு முன்பே, எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையில் பழக்கம் விட்டுப்போனால், கற்றது விரைவில் நழுவிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 68.5 சதவீத எழுத்தறிவுடன் மாநிலத்திலேயே கடைசியில் இருந்த தருமபுரி மாவட்டத்தில், வாசிக்க ஒரு தாளும் இல்லாத வீடுகள் இன்னும் உண்டு. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே மறப்பதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

ஆகவே வகுப்பை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு கொடுங்கள். புளி தட்டும் பெண்களுக்குக் கூலி கிலோ கணக்கில்தான் என்பதால், தேதி, எடை, வாங்கிய தொகை, பாக்கி ஆகியவற்றை அம்மா தன் கையாலேயே எழுதட்டும். பிள்ளை அதை வாய்விட்டு வாசித்துக் கூட்டிச் சொல்லட்டும். வியாபாரியின் கணக்கோடு ஒத்துப்பார்க்கத் தம்மிடமும் ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்தவர் நோட்டை எளிதில் கைவிடமாட்டார். பிள்ளையை மட்டும் வாத்தியார் ஆக்கிவிடாதீர்கள்: பிழை திருத்த ஆரம்பித்தால் அம்மா நோட்டை மூடிவிடுவார். (பெரியவர்களுக்கும் ரோஷம் உண்டு.)

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் ஊரானால், எந்த இரவு எந்தக் கூத்து என்று அச்சிட்ட நோட்டீஸை வீட்டுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ‘அர்ச்சுனன் தபசு’, ‘துரியோதனன் படுகளம்’ என்பவை காதில் ஊறிய பெயர்கள். முதல் எழுத்தைக் கூட்டியதுமே மீதியை ஊகித்துவிடலாம். புதிதாக வாசிப்பவருக்கு இப்படித் தெரிந்த விஷயம்தான் தைரியம் தருகிறது, பாடப்புத்தகம் அல்ல.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் நிலைதான் கடினம்; அங்குள்ள கன்னடப் பலகைகளுக்கு நடுவே தமிழ் எழுத்து கண்ணில் படுவதே அரிது. அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வாரம் இரண்டு முறை ஒரே வரியில் ஒரு கேள்வி அனுப்புங்கள். பதிலைக் குரலில் அனுப்பாமல், ஒரு சொல்லானாலும் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஜூனில் மையம் திறந்ததும் அகரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டாம். நோட்டுகளை வாங்கிப் பாருங்கள். எந்த எழுத்தில் தடுமாறியிருக்கிறார்களோ அங்கிருந்து பாடத்தை வையுங்கள்.