மாதவிடாய் நின்றால் ஓவரியும் நின்றுவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 38. இடது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் முடிந்துவிட்டது. ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். அக்குள் நெறிகட்டி ஒன்றிலும் நோய் இருந்தது. டாக்டர் டாமோக்சிஃபென் எழுதினார். என்னோடு கீமோ எடுத்த 56 வயது அக்காவுக்கு லெட்ரோசோல். அதுதான் வீரியமானது என்கிறார். எனக்கும் ஆறு மாதமாக மாதவிடாய் வரவில்லை. நானும் மாறலாமா?

பதில்: ரிப்போர்ட் விவரத்தோடு எழுதியது நல்லதாயிற்று. ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் என்றால் ஈஸ்ட்ரோஜென் போன்ற பெண் ஹார்மோன்கள் வளர்க்கும் கட்டி; ஹெர்-2 நெகட்டிவ் என்றால் ஹெர்-2 என்ற புரதம் அதில் மிகையாக இல்லை. பலர் 'கேன்சர் மாத்திரை' என்று மட்டும் எழுதுகிறார்கள்.

லெட்ரோசோலை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். மெனோபாஸுக்கு, அதாவது மாதவிடாய் நிரந்தரமாக நின்றதற்கு, பிறகு ஈஸ்ட்ரோஜென் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகும். அதை உருவாக்கும் நொதியை லெட்ரோசோல் தடுக்கிறது. அக்காவுக்கு அது போதும். உங்கள் வயதில் ஈஸ்ட்ரோஜெனின் ஊற்று ஓவரி, அதாவது சினைப்பை. ஈஸ்ட்ரோஜென் குறைந்தால் 'இன்னும் சுர' என்று மூளை ஓவரியை விரட்டும். குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டை வளரக் கொடுப்பதும் இதே லெட்ரோசோல்தான்!

மாதவிடாய் நின்றது கீமோவின் வேலையாக இருக்கலாம். ஓவரி அசந்து கிடக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வயதில் அது ஒரு வருடம் கழித்துக்கூட விழித்துக்கொள்வதுண்டு. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து மெனோபாஸ் என்று முடிவுகட்டவும் முடியாது. டாமோக்சிஃபென் 20 மி.கி.க்கு இந்தக் கவலை இல்லை. ஈஸ்ட்ரோஜென் போய் ஒட்டும் இடத்தையே அது மறித்துக்கொள்கிறது.

சரி, டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: "ஓவரியை அடக்கும் ஊசியும் எனக்கு வேண்டுமா?" நெறிகட்டியில் நோய், கீமோ தேவைப்பட்ட நிலை, 40-க்குள் வயது எல்லாம் சேர்வதால் கேட்பது நியாயம். கோசெரிலின் 3.6 மி.கி., 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போடுவார்கள். சாஃப்ட் என்ற ஆய்வில் 35 வயதுக்குக் கீழே, 5 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் திரும்பாதவர்கள்: டாமோக்சிஃபென் மட்டும் எடுத்தோரில் சுமார் 68 சதவீதம், ஊசியும் டாமோக்சிஃபெனும் 79, ஊசியும் எக்ஸெமெஸ்டேனும் 83. எக்ஸெமெஸ்டேனும் லெட்ரோசோல் வகை மாத்திரைதான். உங்கள் வயதில் வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் பேசிப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஊசியோடு சேர்த்தால் லெட்ரோசோல் வகை மாத்திரை உங்களுக்கும் உதவும். ஆனால் ஊசித் தேதியைத் தள்ளிப்போடவே கூடாது. மூட்டுவலி, வறட்சி, எலும்புத் தேய்மானம் வரலாம். தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடுங்கள். டாமோக்சிஃபெனில் உடல் திடீரென்று தகிப்பதும் வெள்ளைப்படுதலும் சகஜம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ரத்தக்கட்டாக இருக்கலாம்.

மாதவிடாய் வராவிட்டாலும் கரு தங்கலாம். ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை வேண்டாம். காப்பர்-டி அல்லது ஆணுறை. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். சிலருக்கு 18 முதல் 30 மாதம் மாத்திரை எடுத்தபின் கண்காணிப்போடு இடைவெளி தர முடிகிறது. அப்புறம், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தால் அதன் பெயரையும் டாக்டரிடம் காட்டுங்கள். பாராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் இரண்டும் டாமோக்சிஃபென் வேலை செய்வதைக் குறைக்கக்கூடியவை. அடுத்த ஓ.பி. வரை டாமோக்சிஃபெனை நிறுத்தாதீர்கள்.