பட்டாசுக்கும் அசையாத ராஜபாளையம் குட்டியா? கொஞ்சம் பொறுங்கள் தம்பி

கேள்வி: ஐயா, புளியங்குடி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் எலுமிச்சையும் 30 ஆடுகளும் இருக்கின்றன. காவலுக்கு ஆச்சு, அப்படியே நாய்க் கண்காட்சிக்குக் கொண்டுபோய் ஒரு பரிசும் வாங்கலாம் என்று ஒரிஜினல் ராஜபாளையம் ஆண் குட்டி பார்த்தேன். ஒரு வியாபாரி வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். 35 நாள் குட்டி, சுத்த வெள்ளை, ஒரு கண் நீலம். நீலக் கண் அபூர்வம் என்று 22,000 சொல்கிறார். 5,000 அட்வான்ஸ் போட்டுவிட்டேன். மற்ற குட்டிகள் கத்திக் குதிக்கும்போது இது மட்டும் சாதுவாகப் படுத்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடித்தபோதுகூட அசையவில்லையாம், கூட்டத்துக்குப் பயப்படாத ஷோ குணம் என்கிறார். ஆனால் குட்டி கொஞ்சம் ஒல்லியாக இருப்பதுதான் கவலை. எலும்பு தடித்து உயரமாக வளர எந்தக் கால்சியம் டானிக், எத்தனை மில்லி கொடுக்கலாம்?

பதில்: தம்பி, ஒல்லியை விடுங்கள். கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது பட்டாசுதான். ஐந்து வாரக் குட்டி வெடிச் சத்தத்துக்கு அசையவில்லை என்றால் அது தைரியம் இல்லை, காது கேட்கவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தைரியமான குட்டியும் திடுக்கிட்டு எழும், சுற்றும் முற்றும் பார்க்கும், அப்புறம்தான் ‘இவ்வளவுதானா’ என்று திரும்பப் படுக்கும். சுத்த வெள்ளை, நீலக் கண், சத்தத்துக்கு அசையாத சாது, இந்த மூன்றும் ஒரே குட்டியிடம் சேர்ந்திருக்கிறது. மூன்றையும் வியாபாரி உங்களிடம் விலையாக மாற்றிக் கேட்கிறார்.

ராஜபாளையத்துக்குச் செவிடு புதிதல்ல, அந்த ஊரில் நாய் வளர்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே செல்கள்தான் உள்காதிலும் இருந்து கேட்கும் உறுப்பைக் காப்பாற்றுகின்றன. வெள்ளை வெளேர் என்று வேண்டும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் சில குட்டிகளுக்கு அந்தச் செல்கள் காதுவரை போய்ச் சேர்வதில்லை, பிறந்து மூன்று நாலு வாரத்தில் உள்காது கெட்டுவிடுகிறது. அதனால்தான் 20 நாள் குட்டியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. புள்ளி போட்ட டால்மேஷன் நாய் ஜாதியிலும் இதே கதை. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு 30 வரை ஒரு காதாவது கேட்காதவை, அங்கேயும் நீலக் கண் உள்ளவற்றில் செவிடு கூடுதல். நல்ல ராஜபாளையத்துக்கு மூக்கு இளஞ்சிவப்பு, கண் தேன் நிறம் அல்லது பொன் நிறம். நீலக் கண்ணை ‘அபூர்வம்’ என்று கூடுதல் பணம் வாங்குவது, சொத்தைக் கத்தரிக்காயைப் புது ரகம் என்று விற்பது மாதிரி.

எனக்கும் இதே ஆப்பு ஒருமுறை அடிக்கப்பட்டது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். கால்நடை மருத்துவம் படித்து முடித்துப் பத்து வருடம் ஆன பிறகு, தெரிந்தவர் மூலமாக ஒரு வெள்ளைக் குட்டி வாங்கினேன். ‘சார், இதுமாதிரி சாதுக் குட்டி பார்க்கவே முடியாது’ என்றுதான் கொடுத்தார்கள். வீட்டில் குக்கர் விசில் மூன்று தடவை அடித்தும் அடுப்புப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது விசிலில் என் மனைவிதான் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நாய் எங்களோடு 11 வருடம் இருந்தது. தங்கமான நாய், கையசைவுக்கு எல்லாம் கேட்கும். ஆனால் அந்த 11 வருடமும் டிராக்டரைக் கிளப்பும் முன் யாராவது குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் கிளப்புவோம். தூக்கத்தில் யாராவது தொட்டால் பதறிக் கடிக்க வரும். உங்கள் தோட்டத்தில் ராத்திரி வேலிப் பக்கம் சருகு சரசரத்தால் எழவேண்டிய நாய் அது இல்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? ஆட்டுக்குக் கட்டும் மணி ஒன்றை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு நேரில் போங்கள், வீடியோவை நம்பி ஒன்றும் ஆகாது. குட்டிகள் ஒன்றாக இருக்கும்போது சோதிக்கவே கூடாது, ஏனென்றால் செவிட்டுக் குட்டி மற்றவை எழுவதைப் பார்த்துத் தானும் எழுந்துவிடும். ஒன்றைத் தனியாகப் பிரித்து, தூங்கவிட்டு, காற்றோ நிழலோ படாமல் பின்னால் நின்று மணியை ஒருமுறை ஆட்டுங்கள். தரையைத் தட்டாதீர்கள், கை தட்டாதீர்கள், அதிர்வும் காற்றும் அதற்குத் தெரிந்துவிடும். காது துடிக்க வேண்டும், கண் திறக்க வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை பாருங்கள். இதில் ஒரு ஓட்டை உண்டு: ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் பாஸாகிவிடும், அதைப் பிடிக்க மூளைக்குப் போகும் மின் அலையை அளக்கும் கருவிதான் வேண்டும். அப்படி ஒற்றைக் காது நாய் வீட்டுக்குப் போதும், இனப்பெருக்கத்துக்கு வேண்டாம்.

தாயைப் பார்க்காமல் குட்டியை வாங்காதீர்கள். தாயும் தகப்பனும் என்ன உறவு என்று கேளுங்கள். வெள்ளை நிறம் கெடாமல் இருக்க ஒரே வீட்டுக்குள் மகனையும் தாயையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் ‘லைன் பிரீடிங்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆடு வளர்க்கிறவர் நீங்கள்; கிடாவை மாற்றாமல் வைத்திருந்தால் பட்டியில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

35 நாளில் குட்டியைத் தருகிறேன் என்பதே முதலில் தப்பு. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விதியைவிட முக்கியம், அந்த மூன்று வாரத்தில்தான் குட்டி கூடப் பிறந்ததைக் கடித்து, திரும்பக் கடி வாங்கி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்கிறது. வியாபாரிக்கு அந்த மூன்று வாரம் தீனிச் செலவு, தடுப்பூசிச் செலவு, பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய் வந்தால் மொத்த நஷ்டம். அவர் அவசரம் எதற்கு என்று புரிந்திருக்கும்.

‘ஒரிஜினல்’ என்றீர்களே, அந்தச் சர்டிபிகேட் கதைக்கு வருவோம். கண்காட்சிக்கு கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவு வேண்டும். தாய் தகப்பன் இரண்டுக்கும் பதிவு எண் இருந்து, ஈற்றையும் பதிவு செய்திருந்தால்தான் காகிதத்துக்கு மதிப்பு. குட்டிக்குத் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்து, அதன் 15 இலக்க எண் காகிதத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பாருங்கள். ‘பேப்பர் பின்னாலேயே கூரியரில் வரும்’ என்றால் வராது. எத்தனை பேர் ஜெராக்ஸ் காகிதத்தோடு என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள், அதில் எழுதியிருக்கும் நாய் செத்து ஆறு வருடம் ஆகியிருக்கும்.

ஷோவுக்கு வளர்ப்பது நீங்கள் நினைக்கிற மாதிரி டானிக் வேலை இல்லை. நடுவர் வாயைத் திறந்து பல் வரிசை பார்ப்பார், ஆண் என்றால் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார், பிறகு நடக்கவும் ஓடவும் விட்டுக் கால் போக்கைப் பார்ப்பார். ஊர் பேர் தெரியாதவன் வாயில் கைவைக்க, உங்கள் நாய் பொறுமையாக நிற்க வேண்டும். ராஜபாளையம் அந்நியனை எளிதில் சேர்க்காத ஜாதி என்பதால் இதை மூன்று மாதத்திலேயே தொடங்கவேண்டும்: வருகிற உறவுக்காரர், பால்காரர், லோடு ஏற்ற வருகிற ஆள் என்று எல்லாரையும் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். 16 வாரத்தில் தடுப்பூசி வரிசை முடிந்த பிறகு கயிற்றில் பிடித்து ஆட்டுச் சந்தை, பஸ் ஸ்டாண்டு என்று கூட்டிப் போங்கள். மே மாதம் ஊட்டியில் நடக்கும் கண்காட்சிக்கு முதல் தடவை வெறுங்கையோடு, நாய் இல்லாமல், நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள், பாதி பாடம் அங்கேயே முடிந்துவிடும். காவலும் ஷோவும் ஒரே நாய் செய்யும், ஆனால் நாள் பூராவும் சங்கிலியில் கட்டிவைத்த நாய்க்கு நடையே வராது.

டானிக். ஆறு மாதத்துக்குட்பட்ட பெரிய ஜாதிக் குட்டியின் குடல், வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாமல் உள்ளே வாங்கிக்கொள்ளும். அதிகமானால் மூட்டும் எலும்பும் கோணிவிடும், உயரம் ஏறாது. பாக்கெட் பப்பி தீனி கொடுத்தால் டானிக் ஒரு சொட்டும் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு என்றால் வெறும் சோறும் மோரும் போதாது. வெறும் கறியை மட்டும் போட்டாலும் கால்சியம் குறைந்து கால் வளையும், அப்போது எடை பார்த்து அளவு சொல்லவேண்டியது மருத்துவர், மருந்துக்கடைக்காரர் இல்லை. ஒல்லி என்றீர்களே, வேட்டை நாய்க்கு லேசாக விலா தெரிவதுதான் அழகு. வயிறு மட்டும் உப்பி மற்றதெல்லாம் ஒட்டியிருந்தால் அது குடற்புழு, அதற்கு மருந்து வேறு.

அட்வான்ஸ் 5,000-ஐத் திருப்பிக் கேளுங்கள், தரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக 22,000-ஐயும் தொலைக்காதீர்கள். வேறு குட்டி அமைந்து, 60 நாள் தாண்டி வீட்டுக்கு வந்ததும் எடையையும் என்ன தீனி என்பதையும் எழுதி அனுப்புங்கள், மில்லிக் கணக்கை அப்போது பார்க்கலாம்.