ஃபிஸ்டுலாவை அழுத்தி நாடி பார்ப்பது எதற்கு?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. இடது முழங்கை மடிப்பில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்கு ரத்தம் எடுக்கத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்த இடம்). பஸ் இறங்கி வீட்டுக்கு மேடு ஏறும்போது இப்போதெல்லாம் நின்று நின்று மூச்சு வாங்குகிறார். போன வாரம் டாக்டர் ஃபிஸ்டுலாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி மறு கையில் நாடியை எண்ணினார். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்லியிருக்கிறார். எதற்காக அழுத்தினார்? நாங்களே வீட்டில் செய்து பார்க்கலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், செய்யவே செய்யாதீர்கள். ஓட்டத்தை நிறுத்தினால் ரத்தம் உறைந்து ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளலாம். உங்கள் அப்பாவுக்கு அதுதான் உயிர்நாடி. டாக்டர் சில நொடிகள்தான் அழுத்துவார், அதையும் ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே செய்வார்.

சரி, அவர் எதைத் தேடினார்? தமனியில் வரும் ரத்தம் நுண்குழாய்களுக்குள் புகுந்து, வேகம் தணிந்த பிறகுதான் சிரைக்கு வரும். ஃபிஸ்டுலாவில் தமனியையும் சிரையையும் நேராக இணைத்துத் தைத்துவிடுகிறோம், நடுவில் அந்தத் தடை கிடையாது. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் வெளியேற்றுகிறது. அதில் 2 லிட்டருக்கு மேல் இந்தக் குறுக்குவழியிலேயே திரும்பி வந்தால், அந்த வீண் சுற்றுக்கும் சேர்த்து இதயம் உழைக்க வேண்டும். முழங்கைப் பக்கத் தமனி பெரியது, அதனால் மணிக்கட்டு ஃபிஸ்டுலாவைவிட அங்கே இந்தச் சிக்கல் அதிகம்.

கிளை வாய்க்காலை அடைத்தால் பெரிய வாய்க்காலில் நீர்மட்டம் ஏறுவதுபோல, ஃபிஸ்டுலாவை அழுத்தியதும் தமனியில் அழுத்தம் ஏறுகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் மூளைக்குச் சொல்ல, வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு குறைகிறது. 96 இருந்த நாடி 84க்கு இறங்கினால், குறுக்குவழியில் நிறைய ரத்தம் ஓடியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நிக்கோலடோனி என்ற டாக்டர் 1875இலும், துப்பாக்கிக் காயத்தால் தொடையில் இப்படி இணைப்பு உண்டான ஒருவரிடம் பிரானாம் என்ற டாக்டர் 1890இலும் கண்டு எழுதியது இது. இருவர் பெயராலும் நிக்கோலடோனி–பிரானாம் அடையாளம் என்கிறோம். எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு கட்டைவிரலும் கடிகாரமும் போதும். இளம் டாக்டர்கள் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாற்றம் சரியாகத் தெரியாது. அதனால்தான் எக்கோ. ஃபிஸ்டுலாவில் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படும். ஓட்டம் அதிகம் என்றே வந்தாலும் பயப்படாதீர்கள், ஃபிஸ்டுலாவைச் சுருக்கி ஓட்டத்தைக் குறைக்க அறுவை சிகிச்சை இருக்கிறது.

மூச்சு வாங்குவதை ‘மலை ஊர், வயசாகுது’ என்று ஒதுக்காதீர்கள். ஏறக்குறைய 6,000 அடி உயரம் என்பது உண்மைதான். ஆனால் அப்பா அங்கேயே வாழ்ந்தவர், போன வருடம் ஏறிய மேட்டை இப்போது ஏற முடியவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். உடம்பில் நீர் சேர்ந்திருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், ஃபிஸ்டுலாவாகவும் இருக்கலாம். மல்லாந்து படுக்க முடியவில்லை என்றாலோ கால் வீங்கினாலோ எக்கோ தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தினமும் காலையில் மூன்று விரல் நுனிகளை ஃபிஸ்டுலாமேல் லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். சன்னமான, விடாத அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை தள்ளிப்போடாமல் உடனே யூனிட்டுக்குப் போன் செய்துவிட்டு, அன்றைக்கே மலை இறங்குங்கள். அப்புறம், குளிருக்குப் போடும் ஸ்வெட்டரின் கை ரப்பர் அந்த இடத்தை இறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கையில் பையை மாட்டவும், பிபி பார்க்கவும், ஊசி போடவும் விடாதீர்கள்.