பிடரி வேர்த்தால் துணியைக் குறையுங்கள்

குழந்தையைத் தூங்கவைக்க எந்த ஸ்லீப்பிங் பேக் நல்லது என்று கேட்ட கடிதத்தில், காலையில் அந்தப் பையிலிருந்து எடுக்கும்போது மகனின் தலைமுடியும் பிடரியும் ஈரமாக இருப்பதாகவும், "உள்ள இருக்கிற சளி வேர்வையா இறங்குது, நல்லதுதான்" என்று மாமியார் சொன்னதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெரிதாக எழுதிய மற்றதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். சளி வேர்வையாக இறங்காது. ஒன்பது வாரக் குழந்தைக்குத் தூக்கத்தில் பிடரி நனைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேலே இருக்கும் துணியை. இன்று இரவே குறையுங்கள்.

என்னென்ன போடுகிறீர்கள் என்று நீங்களே எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன். உள்ளே முழுக்கை பனியன், மேலே ஸ்வெட்டர், கையுறை, காலுறை, மங்கி குல்லா. அப்புறம் உங்கள் அம்மா சேலத்தில் வாங்கிக் கொடுத்த பஞ்சுப் பை. அதற்கு மேல் கம்பளி. ஜன்னலெல்லாம் சாத்தி, ரூம் ஹீட்டர் வேறு. இது குழந்தையா, கொரியரில் அனுப்பக் கட்டிய பார்சலா? தை மாத ஏற்காடு குளிர்தான், மறுக்கவில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் வேறெப்படி இருக்கும். ஆனால் அந்தக் குளிர் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. அறைக்குள் எத்தனை டிகிரி என்று யாரும் பார்க்கவில்லை. அறை வெப்பமானி ஒன்றை வாங்கி, குழந்தை படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும், காலில் மாட்டி நாடித் துடிப்பைக் காட்டும் அந்த விலை உயர்ந்த சாக்ஸைவிட இது உபயோகமானது. அந்தச் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். நல்ல குழந்தைக்கும் நடு இரவில் அலறி உங்கள் உயிரை எடுக்கும்.

எந்தப் பை நல்லது என்று கேட்டிருந்தாலும், குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோனதாக வாட்ஸ்அப்பில் வந்த அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து நீங்கள் இரவெல்லாம் மகனின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது கடிதத்தில் தெரிகிறது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவது உண்டு. அரிது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள், அதிலும் இரண்டாவது மாதத்திலிருந்து நான்காவது மாதம் வரை அதிகம். குப்புறப் படுக்கவைப்பது, மெத்து மெத்தென்ற படுக்கை, முகத்தில் ஏறும் போர்வை, அளவு மீறிய சூடு, வீட்டில் பீடி சிகரெட் புகை: ஆபத்தைக் கூட்டுபவை இவை. பிரிட்டனில் 1991-இல் 'மல்லாக்கப் படுக்கவையுங்கள்' என்று பெற்றோர்களிடம் பெரிய அளவில் சொல்லத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் இப்படிப்பட்ட இறப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்தும் இல்லை, கருவியும் இல்லை, படுக்கவைக்கும் விதத்தை மாற்றினார்கள். அந்தப் பை கொல்லும் எமனும் இல்லை, காக்கும் தாயத்தும் இல்லை. போர்வை முகத்தில் ஏறாமல் இருக்க ஒரு வசதி, அவ்வளவே. வீட்டில் யாராவது புகைப்பவர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைப் பற்றி வீட்டில் பேசுங்கள்.

இனி உங்களிடம் இருக்கும் இரண்டு பைகள். சேலத்தில் வாங்கியது, ஓரம் முழுக்க ஜிப், தலைப்பக்கம் குல்லா, உள்ளே ஒரு குட்டித் தலையணை. கடைகளில் 'பேபி ஸ்லீப்பிங் பேக்' என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். பார்க்க வருபவர்கள் கையில் குழந்தையைக் கொடுக்க வசதி. குழந்தை விழித்திருக்கும்போது, உங்கள் கண் முன்னால் இருக்கட்டும். இரவில் வேண்டாம். குழந்தை உள்ளே சறுக்கினால் அந்தக் குல்லாவும் பஞ்சும் நேராக மூக்கின்மேல் வந்து நிற்கும்.

லண்டனிலிருந்து நாத்தனார் அனுப்பியதுதான் தூங்குவதற்கென்றே தைத்த பை. கையில்லாத சட்டை மாதிரி மேலே, கால் பக்கம் மூடிய பாவாடை மாதிரி கீழே; குல்லா கிடையாது, கைகள் வெளியே. ஆனால் லேபிளில் 6–18 மாதம் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். "வளர்ற புள்ள, பெருசாவே எடு" என்பது தீபாவளித் துணிக்குச் சரி. இங்கே கழுத்து ஓட்டை பெரிதானால் தலையே உள்ளே போய்விடும். ஜிப்பை இழுத்த பிறகு கழுத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம், மிஞ்சினால் இரண்டு. கை ஓட்டைக்கும் அதே கணக்கு. கால் பக்கம் அகலமாக இருந்து, முழங்காலை மடக்கி அகட்ட இடம் இருக்க வேண்டும். கால்களை நீட்டிக் கட்டிவைத்தால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். வயதை விட்டுவிட்டு லேபிளில் போட்டிருக்கும் குறைந்தபட்ச எடையைப் பாருங்கள். உங்கள் மகன் நாலரை கிலோ. பை பீரோவிலேயே இருக்கட்டும்.

அதே லேபிளில் 2.5 டாக் என்று இருப்பது, அந்தத் துணி எவ்வளவு சூட்டைப் பிடித்துவைக்கும் என்பதற்கான அளவு. அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் 2.5 பொருந்தும். 21 முதல் 23 வரை 1 டாக். 24-ஐத் தாண்டினால் 0.5, அல்லது பையே வேண்டாம். எந்தப் பையானாலும் உள்ளே பருத்தி உடுப்பு, மேலே போர்வை கூடாது, வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா கூடாது. சித்திரையில் அம்மா வீட்டுக்கு சேலம் போனால் 2.5 பையை எடுத்துக்கொண்டே போகாதீர்கள். போகும்போது இன்னொன்று: ஏற்காட்டுக் குளிருக்குக் கட்டிய கட்டோடு பஸ்ஸில் ஏற்றி, சேலம் பஸ் ஸ்டாண்டில் வியர்த்துச் சிவந்த குழந்தையை இறக்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். அடிவாரம் வருவதற்குள் ஸ்வெட்டரும் குல்லாவும் கழன்றிருக்க வேண்டும்.

சரி, இப்போதைக்கு என்ன செய்வது? முழுக்கை, முழுக்கால் பருத்தி உடுப்பு, குளிர்ந்தால் மேலே இன்னொரு மெல்லிய சட்டை. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அழுத்தினால் பள்ளம் விழாத தனிப் படுக்கை. கால் பாதம் படுக்கையின் கால்மாட்டைத் தொடும்படி மல்லாக்கப் படுக்கவைத்து, மெல்லிய போர்வையை மார்பு வரை மட்டும் போர்த்தி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். முகம் மூட வழியில்லை. பை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. தூளியில் பகலில் ஆட்டுங்கள், நானும் தூளியில் வளர்ந்தவன்தான், தூங்கியதும் இறக்கிவிடுங்கள். தூளிக்குள் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுவழி மடங்கும், பையோடு போட்டால் இன்னும் மோசம். ஹீட்டரைப் படுக்கும் முன் போட்டு அறை சூடானதும் நிறுத்துங்கள். அறையைச் சாத்திக்கொண்டு தணல் சட்டி வைப்பது, சாம்பிராணி போடுவது இரண்டும் உடனே நிற்க வேண்டும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. குழந்தையோடு சேர்த்து உங்களையும் எழவிடாது.

குளிருகிறதா, புழுங்குகிறதா என்பதைக் கையில் காலில் பார்க்காதீர்கள். சின்னக் குழந்தைக்குக் கையும் காலும் சில்லென்று, கொஞ்சம் நீலம் பாய்ந்தும்கூட இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பாட்டியும் இன்னொரு ஸ்வெட்டர் மாட்டுகிறார். பிடரியிலும் மார்பிலும் கை வையுங்கள். ஈரமாக, சூடாக இருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றுங்கள். இருபது நிமிடம் பொறுத்து அக்குளில் தெர்மாமீட்டர் வையுங்கள். துணியைக் குறைத்த பிறகும் 100.4 டிகிரிக்குக் குறையவில்லை என்றால் அது கம்பளிச் சூடு இல்லை, காய்ச்சல். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். தட்டி எழுப்பியும் மார்பில் வாய் வைக்காமல் துவண்டு கிடந்தால், உடம்பு சுட்டாலும் சரி, நெஞ்சும் வயிறும் சில்லென்று இருந்தாலும் சரி, தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். இருபது கொண்டை ஊசி வளைவை இருட்டில் இறங்கணுமே என்று விடியக் காத்திருக்காதீர்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

தும்மல், விக்கல், தூக்கத்தில் திடுக்கிடுவது, முனகுவது: ஒன்றும் இல்லை. வேகமாக மூச்சு விட்டு, ஐந்து பத்து நொடி நிறுத்தி, மறுபடி தொடங்குவதும் இந்த வயதுக் குழந்தைகளின் வழக்கம்தான். இருபது நொடி நின்றாலோ, உதடும் நாக்கும் நீலமானாலோ 108.

தும்மலுக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி டிராப்ஸை எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள்? அதில் குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் இருந்தால், அந்தக் கலவையை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டுவிட்டது. ஒன்பது வாரக் குழந்தைக்கு இதைக் கொடுத்துவிட்டு, "நல்லா தூங்குறான்" என்று சந்தோஷப்படுகிறீர்கள். அது மருந்து மயக்கமாகவும் இருக்கலாம். நிறுத்துங்கள். மார்பில் தேய்க்கும் கற்பூரத் தைலமும் இரண்டு வயது வரை வேண்டாம். மூக்கடைத்தால் உப்புநீர் சொட்டு மருந்து போதும்.

அடுத்த வாரம் பத்தாவது வார ஊசி இருக்கிறது. போட்ட அன்றும் மறுநாளும் உடம்பு லேசாகச் சுடலாம். நர்ஸ் எடை பார்த்துச் சொல்லும் அளவில் மட்டும் பாராசிட்டமால் கொடுங்கள். அந்த இரவு பையும் வேண்டாம், இரண்டாவது சட்டையும் வேண்டாம். பால் குடிக்க மறுத்தாலோ, சூடு 100.4-ஐத் தொட்டாலோ, ஊசிக் காய்ச்சல்தானே என்று இருந்துவிடாமல் வந்து காட்டுங்கள்.