முக்காலிக்கு எத்தனை கால்?

கேள்வி: அருவிகளை 30 நொடி எக்ஸ்போஷரில், அதாவது கேமராவுக்குள் அவ்வளவு நேரம் ஒளியை விட்டு, படம் எடுக்கிறேன். முக்காலி வைத்தும் பாறைகள் மங்கலாகவே விழுகின்றன. விலை கூடிய லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: லென்ஸ் கிடக்கட்டும், அந்த ‘முக்காலி வைத்தும்’ என்ற இடத்துக்கு வாருங்கள். நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று கால் எந்த மேடு பள்ளத்திலும் தரையைத் தொட்டுவிடும், நாலாவது கால்தான் அந்தரத்தில் நிற்கும். நாம் என்ன செய்கிறோம், கால்களை நீட்டச் சோம்பல்பட்டு நடுத்தண்டை ஒரு முழம் ஏற்றி அதன் உச்சியில் கேமராவை உட்கார வைக்கிறோம். இப்போது அது முக்காலியா? மூன்று காலின் மேல் நட்ட ஒற்றைக்கால்! காற்று தொட்டால் ஆடும், கழுத்துப் பட்டை படபடத்தால் ஆடும், காலை ஓடும் தண்ணீருக்குள் ஊன்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். தண்டை இறக்குங்கள், பட்டையைக் கழற்றுங்கள், 2 நொடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் எஃப்/22. லென்ஸின் துவார அளவைச் சொல்லும் எண் இது, எண் கூடக் கூடத் துவாரம் சுருங்கும். இது என் பழைய சண்டை. துவாரத்தைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை கூடும் என்று நண்பர் ஒருவர் இன்றுவரை சாதிக்கிறார். எஃப்/8, எஃப்/11 வரை சரி. அதற்கு மேல் சுருக்கினால் துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி, மொத்தப் படத்தையும் மழுங்கடிக்கும். இதிலிருந்து எந்த விலை லென்ஸும் தப்பாது. நேரம் நீள வேண்டுமென்றால் துவாரத்தைச் சுருக்காமல், ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டரை லென்ஸின் முன் போடுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், 10 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும், 1/30 நொடி 30 நொடியைத் தாண்டிவிடும். அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியே ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அதனால் முதலில் பாறையில் ஃபோகஸ் செய்து, அது மாறாதபடி மேனுவலுக்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு) மாற்றிவிட்டு, பிறகு ஃபில்டரை மாட்டுங்கள்.

பாறை ஓரத்துச் செடி காற்றில் ஆடினால் அதற்கு மருந்தில்லை, விட்டுவிடுங்கள். 1838-ல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகுவேர் பாரீஸ் தெரு ஒன்றைப் பல நிமிட எக்ஸ்போஷரில் எடுத்தார். போன வண்டிகள், நடந்த ஆட்கள் எல்லாம் அசைந்ததால் பதியாமல் காணாமல் போய்விட்டன; ஓரமாக அசையாமல் நின்று தன் காலணிக்கு மெருகு போடக் கொடுத்திருந்த ஒரு மனிதரும் மெருகு போட்டவரும் பதிந்துவிட்டார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, தண்டை இறக்கி எஃப்/8-ல் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். லென்ஸைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.